மடங்கிய கையும் நான்கு நாட்களும்

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எம்.ஆர்.ஐ. மெஷினில் பல சேனல்கள் வழியாக ஒரே நேரத்தில் ரேடியோ அலைகளை அனுப்பினால் படம் தெளிவாக வரும். ஆனால் அந்த அலைகள் சேர்ந்து உடம்பில் எங்காவது ஓரிடத்தில் சூடாகக் குவிந்துவிடலாம். எங்கே, எவ்வளவு என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் என் வேலை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் என் அக்காவின் இடது பக்கம் வெந்துபோனது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிட்டது. உள்ளங்கை எப்போதும் இடுப்பில் ஒட்டிக் கிடக்கும். தோல் ஒட்டுப்போட்ட இடங்களில் உணர்ச்சியே கிடையாது. இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. முதுகை உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு முதலில் அவள் கைதான் நினைவுக்கு வந்தது. கை இடுப்பைத் தொட்டால் கையும் உடம்பும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அதில் மின்சாரம் சுற்றி, தொடும் இடத்தைச் சுடும். சுட்டால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள். அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னேன்.

எங்கள் கணினியில் இருந்த மாதிரி உடம்புகள் எல்லாம் கையை நீட்டிப் படுத்திருந்தவை. ஒன்றின் கையை மடக்கி, விருதுநகரில் உள்ள மெஷினைப் போல இரண்டு சேனல் வைத்துக் கணக்கை ஓட்டினேன். கை தொடும் இடத்தில் சூடு அளவு மீறியது. இடைவெளி விட்டு ஓட்டினேன், குறைந்தது. ஆனால் வடுத்தோல் மின்சாரத்தை எவ்வளவு கடத்தும், அதற்கு எந்த எண்ணைப் போடுவது? எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஒவ்வோர் எண்ணாக மாற்றி மாற்றி ஓட்டினேன்.

நான்காம் நாள் அக்கா அழைத்தாள். "எந்திரிக்கவே முடியல பாப்பா. இன்னும் எம்புட்டு நேரமாகும்?"

கணக்கை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஸ்கேன் எடுப்பவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "எடையும் உயரமும் போட்டா சூட்டை மெஷினே பாத்துக்கிரும் மேடம். கை மடங்கியிருக்கான்னு அது கேக்காது. நாமதான் பாக்கணும்." கைக்கும் இடுப்புக்கும் நடுவே காய்ந்த துண்டை மடித்து வைத்தார். சக்தியைக் குறைத்து, விட்டு விட்டு எடுத்தார். நிறுத்தும்போதெல்லாம் நான் உள்ளே போய்த் துண்டை விலக்கிப் பார்த்தேன். தோல் சிவக்கவில்லை.

முதுகெலும்பில் காசநோய் என்று படத்தில் தெரிந்தது. சீழ் கட்டி நரம்பை நெரித்திருந்தது. மதுரையில் ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர் கேட்டார்: "கால் மரத்தப்பவே ஸ்கேன் எடுத்திருக்கலாமே? ஏன் இவ்வளவு நாள்?"



அக்காவின் கால்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நாந்தான்க்கா நிறுத்தி வச்சேன்" என்றேன்.

அக்கா வலது கையால் போர்வையை விலக்கினாள். பிறகு சொன்னாள்:

"காலைக் கொஞ்சம் நேரா வையி பாப்பா. எங்கன கிடக்குன்னே தெரியல."