சன்னலோரத்துப் பாதிக் கம்பளி

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை போடுகிற ராமப்பன் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் துலக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ரயில் பைத்தியம் பிடித்தது. ஊருக்கென்று இருந்த சின்ன ரயிலை உலகச் சண்டைக் காலத்திலேயே தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஒரு நாள், மாம்பழம் வாங்க வந்த கொல்லத்து வியாபாரி செங்கோட்டை மலை ரயிலைப் பற்றிச் சொல்லப்போக, அது இவர் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. மலையைக் குடைந்த பாதை, பள்ளத்தின் மேலே பாலம், மார்கழியில் போனால் சன்னல்வரை வந்து நிற்கும் பனி.

மார்கழியில் மண்டியில் வேலை கிடையாது. வருஷா வருஷம் ராமப்பனும் மனைவி சென்னம்மாளும் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். சேலத்துக்கு பஸ், அங்கிருந்து மதுரைக்கு ரயில், மதுரையில் மாறினால் மலை ரயில். சன்னலோரம் யாருக்கு என்பதில் மட்டும் சண்டை வரும், அதில் அவள்தான் ஜெயிப்பாள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுதான் பிள்ளையாக வளர்ந்தது. ஆனால் ஒரு வருஷம் கரிநாள் குறுக்கே வந்தது. இன்னொரு வருஷம் கிளம்புகிற நேரத்தில் பல்லி கத்தித் தொலைத்தது.

"நாள் செய்யறத நல்லவங்க செய்யமாட்டாங்க, சென்னம்மா."

"ஆமா, நீங்க நாள் பாத்து முடிக்கறதுக்குள்ள அந்த ரயிலையும் பேத்துக்கினு போயிருவாங்க."

போன மார்கழியில் அவளே வழி கண்டுபிடித்தாள். அவர்களுக்கு வியாழக்கிழமைதான் வாய்த்தது. அன்றைக்குத் தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. புதன்கிழமையே நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் போகிற திசையில் வேறொரு இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். காவேரிப்பட்டணம் சாலையில் இருந்த லால் பாஷாவின் மளிகைக் கடையில், தானே கட்டிய மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மூட்டை கடையிலேயே கிடந்தது. வைத்த பரஸ்தானத்தைப் பயணம் போகாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போகவும் ராமப்பனுக்குத் தெம்பில்லை. அந்தச் சாலைப் பக்கமே போகாமல் ஒரு வருஷத்தை ஓட்டினார்.

இந்த மார்கழியில் லால் பாஷா அவரைத் தேடி மண்டிக்கே வந்துவிட்டார்.

"ராமப்பண்ணா, கடைய ஓசூருக்கு மாத்தறேன். அக்கா மூட்டைய என்னா பண்றது? வீட்ல கொணாந்து வெச்சிரட்டுமா?"

"வேணாம் பாய், வேணாம்." ராமப்பன் பதறிப்போனார். "போறதுக்குன்னு அவ வெச்சது. வீட்டுக்கு வந்துட்டா அவ போகவே இல்லன்னு ஆயிரும்."

இனி மூட்டையோடு பயணம் போவதுதான் வழி. மண்டியில் கூட வர ஆள் தேடினார். நாராயணப்பனுக்கு மகள் பிரசவம், வெங்கடசாமிக்கு முழங்கால் வலி. "குளுருமே மாமா" என்று முனிவேல் நழுவினான். மண்டி முழுக்க மாமன் மச்சான்தான், பஸ் ஏற மட்டும் ஆளில்லை. வழிக்குப் புளிச்சோறு கிளறும்போது, அவள் எவ்வளவு உப்பு போடுவாள் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று உறைத்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பஞ்சாங்கத்தை அந்த முறை தொடவே இல்லை. கிளம்பியது வியாழக்கிழமை, சூலத்துக்கு நேர் எதிரே. கடையில் மூட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

செங்கோட்டை தாண்டியதும் வியாபாரி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மலை வந்தது, பாலம் வந்தது, பனி சன்னலுக்குள்ளேயே வந்தது. பல் கிட்டித்தது. மூட்டையை அவிழ்த்தார். அவருக்கு இரண்டு சட்டை, அவளுக்கு இரண்டு சேலை. கம்பளி மட்டும் ஒன்றே ஒன்று. வீட்டில் இரண்டு இருந்தும், இருவருக்கும் சேர்த்து அந்த அகலக் கம்பளியைத்தான் எடுத்து வைத்திருந்தாள்.

அதைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாதிக் கம்பளி மிச்சம் இருந்தது. இழுத்துச் சுற்றிக்கொண்டால் குளிர் விட்டிருக்கும். அவர் அதைக் காலியாக இருந்த சன்னலோர இடத்தில் விரித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.