சண்டை போட மூன்றை அழுத்தவும்

தனம் போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் யாழினி வாட்சாப்பில் அனுப்பியிருந்தாள். "ஆன்டி, அம்மா சாமி கும்பிட்டுட்டு வந்து உக்காந்தாங்க... அப்படியே போயிட்டாங்க." மூன்று முறை படித்தேன். ஆபீசுக்கு லீவ் சொல்லிவிட்டு இங்கே எழுத வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதாகிவிட்டது. இப்போது அவளை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது... அதனால் அதையே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: கிளினிக்குக்கோ பேங்குக்கோ போன் செய்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் வருமே, அதைக் கட்டுவதுதான் என் வேலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்ன ஆபீஸ்.

தனத்தை முதலில் பார்த்த சமயம், புதிதாக ஒரு டூல் வாங்கியிருந்தோம். கோடிங் வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்தால் போதும். ஒரு பெட்டி பேசும், ஒரு பெட்டி பட்டனுக்குக் காத்திருக்கும், இன்னொன்று அழைப்பை ஆளிடம் மாற்றிவிடும்.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. அங்கே போன் எடுக்கிறவள்தான் தனம். முதலாளி என்னைத் தனியாக அழைத்து, "இது வந்தா அந்தப் பொண்ணு தேவையில்ல. இப்ப ஒண்ணும் சொல்லிக்காதீங்க," என்றார்.

மூன்று நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள் என்று நான் எழுத வேண்டும். என் வயதுதான் அவளுக்கும். முதல் நாளே, உருளைக்கிழங்கு அடைத்த தன் கறிபாப்பில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அவளே கேட்டாள். "மிஸ், இது வந்தா எனக்கு வேல போயிடும், அதானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "சரி, அப்ப ஒழுங்காச் செய்ங்க லா. காமிங்க, என்னா வரைஞ்சிருக்கீங்க?"

காட்டினேன். ஒன்பது பட்டன். படித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள்...

"ஒம்போது வரைக்கும் எவன் மிஸ் கேப்பான்? நாலாவதுலயே கட் பண்ணிடுவான். இங்க வர்ற போன் மொத்தம் மூணே வகைதான்."

மவுசைப் பிடுங்கிக்கொண்டாள். மதியத்துக்குள் அந்த டூல் அவள் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கம்பெனி மூடுகிற நேரம், ட்ரையல் பார்க்க ஒரு குரல் வேண்டும் என்றேன். யோசிக்கவே இல்லை, மைக்கில் பேசினாள்.

"வணக்கம். லோரி எங்கன்னு கேக்கணுமா, ஒண்ணு. லோரி வேணுமா, ரெண்டு. சண்ட போடணுமா, மூணு."

அதையே மலாயிலும். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில், 'சேவ்' என்று நினைத்து நான் அழுத்தியது 'பப்ளிஷ்'. அழுத்தினால் உடனே லைனுக்குப் போய்விடும்.

மறுநாள் காலை கம்பெனிக்கு யார் போன் செய்தாலும் தனத்தின் குரல்தான்!

முதலாளி முகம் சிவந்து வந்து நின்றார். "என்னா இது? கம்பெனி மானமே போச்சு!" தப்பு என்னுடையது என்றேன். அந்த நேரம் பார்த்து தனத்தின் மேசை போன் அடித்தது. யாரோ மூன்றை அழுத்தியிருக்கிறார்கள். முதலாளியே ஸ்பீக்கரில் போட்டார்.

செமினியில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். தினமும் காலையில் தனத்தைத் திட்டாமல் அவருக்குப் பொழுது விடியாது.

"அலோ, யாரு லா இத செஞ்சது? சண்ட போடத்தான் போன் போட்டேன், சிரிச்சிட்டேன். இப்ப எப்படித் திட்டுறது? சரி சரி, லோரி எங்க, அத மட்டும் சொல்லு."

"காஜாங் தாண்டிருச்சு அங்கிள். வந்துரும்."

முதலாளி ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு, "மூணு அழுத்துனா யாருக்குப் போவுது?"

"எனக்குத்தான் பாஸ்."

"அப்ப நீ எங்கயும் போவாத."

'சண்டை'யை மட்டும் 'புகார்' என்று மாற்றச் சொன்னார். அவ்வளவுதான். நான் டாய்லெட்டுக்குள் போய் அழுதேன். அவள் அழவில்லை. அடுத்த போனை எடுத்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் ஆபீசுக்கே வந்து சேர்ந்தாள். கிள்ளானிலிருந்து தினமும் ரயில்.

அவள் டெஸ்ட் செய்கிற மாதிரி யாராலும் முடியாது. நாங்கள் ஏர்கான் அறையில் உட்கார்ந்து அழுத்திப் பார்ப்போம். அவள் பாசாரின் சந்தை இரைச்சலில் நின்று, ஒரு கையில் மீன் பையோடு அழைப்பாள். "மிஸ், இந்த மீன்காரன் கத்துறதுல ரெண்டாவது பட்டன் கேக்கவே இல்ல. சத்தத்த ஏத்துங்க!"

செராஸில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குச் செய்தபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்து பார்த்தேன். தப்பான பட்டனை அழுத்தினால் "தவறான தேர்வு" என்று ஒலிக்கும். டூலோடு வருவது அது.

"ஊசி குத்துன கையோட அழுத்துறாங்க மிஸ். அவங்ககிட்டப் போயி தப்புன்னு சொல்லுவீங்களா?"

அதைத் தூக்கிவிட்டு அவளே எழுதினாள்: "பரவாயில்லை, இன்னொரு முறை அழுத்துங்கள். காத்திருக்கிறோம்." அதற்குப் பிறகு நாங்கள் கட்டிய எதிலும் "தவறான தேர்வு" கிடையாது.

போன வாரம்தான் கார் லைசன்ஸ் எடுத்தாள். நாலாவது முயற்சி. புது ஓட்டுநருக்கான 'P' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு முதல் முறையாக ஆபீசுக்குக் காரில் வந்தாள். பார்க்கிங் கிடைக்கவில்லை... பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் ஹாரன் அடித்து, ஜன்னலில் நின்ற எங்களுக்குக் கையாட்டினாள். பின்னால் வந்த லோரிக்காரன் வேறு அடிக்கிறான் ஹாரன்!

நாளை காலை பதினோரு மணிக்கு, கிள்ளானில் அவள் வீட்டில் இறுதிச் சடங்கு. வெள்ளை உடுத்தி வர வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது என்று யாழினி சொன்னாள்.

மஞ்சள் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன்.

போய்ட்டு வா, தனம்.