ஏரியைப் பெருக்கிய ஜனுசாக்

ஏரியைப் பெருக்குகிற மனிதரை எப்படி நம்புவது? பால்கஷ் ஏரியில் எங்கள் ஊரை ஒட்டிய சிறு குடா குளிரில் உறைந்ததும் ஜனுசாக் துடைப்பமும் கடப்பாரையுமாக இறங்கிவிடுவார். ஐம்பது வயது, கல்யாணம் இல்லை, பேச்சும் குறைவு. பனி விழுந்த மறுநாள் காலையில், எதிர்க்கரை வரை ஒரு வண்டி அகலத்துக்கு அதைத் தள்ளி வழி செய்வார். அடியில் ஐஸ் கண்ணாடியாகத் தெரியும். ஐஸுக்கு அடியில் யார் வலை எங்கே கிடக்கிறது என்று வேவு பார்க்கத்தான் இந்த வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

ஏப்ரலில் இன்னும் மோசம். ஒரு முழ கனம் இருக்கும் ஐஸைக் கடப்பாரையால் தட்டுவார். அது ஊசி ஊசியாக உதிரும். இனி யாரும் இறங்கக் கூடாது என்பார். கடைசி மீனைத் தனியாக அள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் பொருமல்.

போன ஜனவரியில் என் மாடுகளுக்கு மூன்று நாள் தீனிதான் மிச்சம். காய்ந்த புல் எதிர்க்கரையில் கிடந்தது. இருப்பதோ ஒரே குதிரை. அவர் வழி சுற்று என்று, என் வலைகள் கிடந்த பக்கம் சறுக்குவண்டியைத் திருப்பினேன். மறித்தார்.

"அங்க போகாத தம்பி. முதல் பனியே போர்வையாட்டம் மூடிக்கிச்சு. குளிர் உள்ள இறங்கல, ஐஸ் மெல்லிசு."

"போர்வைக்கு அடியில என் வலை இருக்கில்ல, அதான் உங்களுக்கு இவ்வளவு அக்கறை."

பாதி தூரத்தில் ஐஸ் உடைந்து குதிரை உள்ளே விழுந்தது; நான் வண்டியிலிருந்து பின்பக்கம் குதித்துவிட்டேன். ஜனுசாக் ஓடிவந்து, படுத்து ஊர்ந்து, அதன் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்கினார். குதிரைக்குக் கண் பிதுங்கியது. கொல்கிறான் பாவி என்று அவர் முகத்தில் குத்தினேன். அவர் கயிற்றை விடவில்லை. மூச்சடைத்த குதிரை, உள்ளே அடைபட்ட காற்றில் உப்பி, பக்கவாட்டில் மிதந்தது.

"இப்ப இழு," என்றார்.

இருவரும் இழுத்தோம். வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. சுருக்கைத் தளர்த்தியதும் இருமி எழுந்தது. அன்று மாலைக்குள் என் புல் வந்து சேர்ந்தது, அவர் குதிரையில், அவர் பெருக்கிய வழியில்.

மறுநாள் காலை, வீங்கிய கண்ணோடு மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார். வழக்கமான இடத்தில் இல்லை. கடப்பாரையால் தட்டித் தட்டி, என் வலைகள் கிடந்த பக்கம். இங்கே எதற்கு என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீ நம்ப மாட்ட. திரும்பவும் இந்தப் பக்கந்தான் வருவ. அதுக்குள்ள குளிர் இறங்கி ஐஸ் கொஞ்சம் கெட்டியாகட்டும்."