இரண்டு பேச்சியம்மாள்

என் மேசை இழுப்பறையில் ஒரு அச்சுத்தாள் இருக்கிறது. அதில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்: மு. பேச்சியம்மாள், அதே பிறந்த தேதி, அதே லயத்து வரிசை வீடுகளில் அதே வீட்டு எண். பக்கத்தில் நீல மையில் ‘ரெண்டு ஆளு’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருந்த சிஸ்டர்.

அந்த மருந்தகத்தின் நோயாளிகள் பட்டியலைக் கணினியில் சீர்செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள். வடகரப்பதியிலிருந்து மலையேறிப் போன எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய நோட்டுகளை ஆளாளுக்குத் தட்டச்சு செய்ததில் ஒரே ஆள் இரண்டு மூன்று வரிகளில் பதிவாகியிருந்தார். பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் மூன்றும் ஒத்துப்போனால் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்படி ஒரு கட்டளை எழுதினேன். ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. “எதுக்கும் அழிக்கப் போறதத் தாள்ல எடுத்துத் தாங்க தம்பி,” என்றார் சிஸ்டர். வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தேன்.

அவர் எந்த நோட்டையும் புரட்டவில்லை. வரிவரியாக இறங்கிய விரல் பேச்சியம்மாளிடம் நின்றது.

“இது ரெண்டு ஆளுல்லா.”

“ஏனுங்க சிஸ்டர், பொறந்த தேதி கூட ஒண்ணாத்தானுங்க இருக்குது?”

“பிறந்த தேதி இங்க யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒண்ணுன்னுதான் போட்டாங்க. முத்தையா மக ஒருத்தி, அவரு தம்பி முருகன் மக ஒருத்தி. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே அவங்க அம்மா பேரத்தான் மூத்த பிள்ளைக்கு வச்சாங்க. ஒரே வயசு, ஒரே வீடு.”

நான் நம்பவில்லை. மதியம் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்ததும் இருவரையும் வரச்சொன்னார். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி ஒரு நெட்டையும் ஒரு குட்டையும் என் முன்னால் வந்து நின்றார்கள். “இதுல யாரத் தம்பி அழிக்கப் போறீங்க?” என்றார் சிஸ்டர். நான் அழிக்கவிருந்த இரண்டாவது வரி குட்டைப் பேச்சியம்மாளுடையது. குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். ‘பெனிசிலின் ஊசி ஆகாது’ என்ற எச்சரிக்கை அந்த வரியில் மட்டும்தான் இருந்தது.

சிஸ்டர் அதோடு விடவில்லை. கணினியில் முழுப் பட்டியலையும் திறக்கச் சொல்லி, எங்கோ தள்ளித் தள்ளிக் கிடந்த செல்வியையும் ஸ்டெல்லாவையும் காட்டி, “இது ஒரே ஆளு. கல்யாணத்துக்கு முந்தி ஞானஸ்நானம் வாங்குனா,” என்றார். ரத்த அழுத்தக் குறிப்பு பாதி அங்கே, பாதி இங்கே. என் கட்டளை ஏழு ஜென்மம் எடுத்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்காது. அந்த மலையில் எத்தனை லயம், எத்தனை தலைகள்! அத்தனை பேரையும் ஒரு மனுஷி மனதில் வைத்திருந்தார். அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது நான் எங்கே எதை அழித்தாலும் முதலில் தாளில் எடுத்து, ஆட்களை அறிந்த ஒருவரிடம் காட்டுகிறேன். கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

சென்ற மாதம் சூரியநெல்லி போயிருந்தேன். டீக்கடை வாசலில் நரைத்த, குட்டையான ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தார்.

“என்னைய அழிக்க வந்த தம்பிதான?”

“ஆமாங்க. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்லா,” என்று சிரித்தார்.

வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து, அந்த இரண்டாவது வரியை ஒருமுறை வாசித்தேன்.