மாமனை விட்டுவிட்ட கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன், மக்காச்சோள அறுவடை முடிந்த ஒரு திங்கட்கிழமை, மனைவியோடு வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. காட்டில் நின்றால் மூத்திரம் போக அடிக்கடி வரப்போரம் ஒதுங்க வேண்டியிருந்தது. "வேலைக்குப் பயந்துகினு ஓடறாரு" என்று வேலைக்கு வந்த பெண்கள் கிண்டல்கூடச் செய்தார்கள்.

பிராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். அப்பா, தாத்தா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "எங்க பங்காளிங்க ஒருத்தருக்கும் கெடையாதுங்க" என்றேன் பெருமையாக. அப்படியானால் மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுத ஆரம்பித்தார்.

விட்டால் போதும் என்று எழுந்துவிட்டேன். மனைவி எழவில்லை.

"இன்னாங்க, திருக்கோவிலூர் மாமா எதுல செத்தாரு?"

அவர் என் அம்மாவின் தம்பி. இதே நோய்தான். "அவுரு வேற வம்சம். அவுரு செத்தப்ப நமக்குத் தீட்டுகூட முழுசா இல்லியே" என்று முணுமுணுத்தேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "தீட்டுக் கணக்கு வேற, ஜீன் கணக்கு வேறங்க. ஒய் குரோமோசோம் அப்பா குடுக்கறது, எக்ஸ் அம்மா குடுக்கறது. ஆண் ஹார்மோன் சொல்றதைக் கேட்டு இந்தச் சுரப்பியை வளர வைக்கிற ஜீன் எக்ஸ்லதான் இருக்குது. மாமாவுக்கு இருந்த அதே எக்ஸ் உங்களுக்கும் வந்திருக்கலாம். மத்த ஜீனும் ரெண்டு பக்கமிருந்தும் வருது."

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. பயந்துதான் போனேன், சொல்வதற்கென்ன!

புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை. அதைக் கேட்டதும் மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, இன்றுவரை ஒவ்வொரு பரிசோதனையும் நல்லபடியாக வருகிறது.

உடம்பு தேறியதும் முதல் வேலையாகத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய இரண்டு மகன்களையும் உட்காரவைத்து, "டாக்டரு கேட்டா மாமன் எனக்கு இந்த நோய் இருந்துச்சுன்னு மறக்காம சொல்லணும்டா" என்றேன்.

என்னை மடியில் வைத்துக் காது குத்திய மாமனையே குடும்பக் கணக்கில் விட்டுவிட்ட நான் இன்று நடமாடுவது, அன்று என் மனைவி நாற்காலியை விட்டு எழாததால்தான் என்று நினைக்கும்போதெல்லாம், நிம்மதியும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.