திறக்க முடியாத இதயத்துடிப்பு

பாபநாசத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. ஸ்கேன் பதிவுகள் எல்லாம் அடங்கிய டேட்டாபேஸின் நகல் கையில் இருந்ததால் நான் கவலைப்படவில்லை.

புதிய கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்வி என்ற பெண் கணவருடன் வந்தார். பக்கத்து ஊரில் நடவு வேலைக்குப் போகிறவர். அவருடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டதாம்.

"பாப்பாவோட நெஞ்சு அடிக்கிற சத்தத்த இங்கதான் மேடம் கேட்டோம். அத மட்டும் போன்ல ஏத்திக் குடுங்க" என்றார்.

எத்தனையோ முறை முயன்றும் புதிய கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருளில் அந்த நகல் திறக்கவில்லை. இந்தப் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டது என்றே திரை சொன்னது. மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடினேன், எங்கும் கிடைக்கவில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தை அழைத்தேன். "அவ்வளவு பழசுக்கெல்லாம் இப்ப சப்போர்ட் இல்லைங்க" என்றார்கள்.

செல்வியிடம் அதைச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் என் கையை இழுத்து, மணிக்கட்டில் ஒரு விரலால் வேகவேகமாகத் தட்டினார்.

"இப்படித்தான்க்கா கேட்டுச்சு. குதிர ஓடுற மாதிரி. எங்களத் தவிர இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

அவர் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய பதிப்புகளைக் கைவிடுவது என் தொழிலில் சாதாரணம். அதை நானும் பலரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இப்போது எங்கே போனாலும், பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். செல்விக்கு மட்டும் நான் எதுவும் கொடுக்கவில்லை.