கூடிப்போனா எத்தனை?

“கூடிப்போனா எத்தனை பேர் வருவீங்க?” என்று கேட்காமல் ஜலீலா, கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸ் பானையை அடுப்பில் ஏற்றமாட்டார். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் விருந்தாளியின் தலையை எண்ணுவது மரியாதைக் குறைவு. இதற்காக நாத்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. ஜலீலா அசரவில்லை. “கோவிச்சுக்கிட்டா பானை பெருசாகுமா?”

ஆலிவ் எண்ணெய் ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடும் நிரலை சி மொழியில் எழுதுவது அவர் தொழில். பெட்டியின் நினைவகம் கைக்குட்டை அளவுதான். அதில் யாராவது, அளவை முன்கூட்டிச் சொல்லாமல் ஓடும்போது முடிவுசெய்யும் அர்ரேயை, அதாவது எண்களின் வரிசையை, எழுதிவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சூடு பார்க்கும் சென்சார் எத்தனை மாட்டுகிறோமோ அத்தனை இடம் கேட்கும் வகை அது. வசதிதான். ஆனால் இடம் போதாவிட்டால் வாய் திறந்து சொல்லாது. பக்கத்தில் இருப்பதை மிதித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த வரிமேல் ஜலீலா விரலை வைத்து அழுத்துவார். எந்நேரமும் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்னும் விரல். திரையில் தடம் விழும்.

பருவத்தின் முதல் அரைவை மறுநாள். ஆலிவ் விழுதைக் கிளறும் தொட்டியில் சூடு அளவுக்கு மேல் ஏறினால் எண்ணெய் கெடும். நிறுவனத்தின் ஒரே பெரிய வாடிக்கையாளரும் கைவிட்டுப் போவார். ஜலீலாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த லஸ்ஸாத் அப்படியோர் அர்ரேயைத்தான் எழுதியிருந்தார்.

“நாலு சென்சார் வெச்சு வாரம் பூரா ஓட்டியாச்சு, அம்மா தாயே. கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

“ஆலைக்காரர் நாலோட நிப்பாரா? கூடிப்போனா எத்தனை?”

ஜலீலா லஸ்ஸாத்தையும் இழுத்துக்கொண்டு நேரே ஆலைக்குப் போனார். தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பிச் சூடேற்றவிட்டு, பெட்டியில் இருந்த துளைகளில் எல்லாம் சென்சார்களை மாட்டினார். பெட்டி நிற்கவில்லை. திரையில் இருபத்தேழு டிகிரி, வேண்டிய சூடு. ஆலைக்காரர் கைதட்டினார்.

“பாத்தியா, ஓடுதே! உன் சந்தேகத்துக்கு மொதல்ல ஒரு அளவு வை,” என்று லஸ்ஸாத் சிரித்தார்.

ஜலீலா ரொட்டியை நிதானமாகத் தின்று முடித்தார். அவ்வளவு நேரமும் திரை இருபத்தேழிலேயே நின்றது; ஒரு புள்ளி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, லஸ்ஸாத்தின் மணிக்கட்டைப் பிடித்து, அவர் உள்ளங்கையைத் தொட்டியின் எஃகுச் சுவரில் வைத்தார்.

“ஐயோ!” லஸ்ஸாத் கையை உதறிக்கொண்டார். திரை அப்போதும் இருபத்தேழு என்றது.

ஜலீலா மடிக்கணினியில் அந்த அர்ரே வரியைத் திறந்து, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.